களிமேட்டின் அறுபத்தொன்பது வீடுகள்

சொர்ணாம்பாள் கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த மூன்றாவது வாரமே தொலைந்துபோனாள். 1987ஆம் வருஷம், ஆவணி மாதம். மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி வாங்கக் கடைவீதிக்குப் போனவள், திரும்பி வரும்போது வழி தப்பிவிட்டாள்.

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். சுற்றிலும் நெல்வயல். அங்கே வழி சொல்ல 'ஆத்துக்கு அந்தாண்ட', 'மதகுக்கு இந்தாண்ட' என்ற இரண்டு வார்த்தை போதும். இங்கே அவள் "களிமேடு எங்கங்க?" என்று கேட்க, கேட்டவர்கள் எல்லோரும் ஆற்றுப் பக்கமாகக் கை காட்டினார்கள். கைகாட்டிய திசையில் ஒரு களிமேடு இருக்கத்தான் செய்தது. அது வேறு களிமேடு. அங்கே அவளுடைய புருஷன் தர்மராஜை யாருக்கும் தெரியவில்லை.

"வூட்டுக்குப் பக்கத்துல என்னாம்மா இருக்குது? ஏதாச்சும் அடையாளம் சொல்லு."

"வேப்பமரம் இருக்குதுங்க. ஒரு அடிபம்பு இருக்குது."

"வேப்பமரமும் அடிபம்பும் இல்லாத தெரு இந்த ஊர்ல ஏதும்மா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புருஷன் பீங்கான் யூனிட்டில் சூளை அடுக்குகிற வேலை செய்கிறான் என்பது கடைசியில் நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றித் தொழிற்பேட்டைக்கு அனுப்பிவைத்தார். யூனிட் வாசலில் அவளைப் பார்த்த தர்மராஜ் முதலில் பயந்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வருஷத்துக்குக் களிமேட்டில் அவளுக்கு 'தொலைஞ்ச பொண்ணு' என்றே பேர்.

அவர்கள் குடியிருந்த களிமேடு தொழிற்பேட்டைக்குப் பின்னால், ரயில்பாதைக்கு அப்பால் இருந்தது. பீங்கான் வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குடிசை போட்டு உருவான இடம். தெருவுக்குப் பேர் கிடையாது, வீட்டுக்கு நம்பர் கிடையாது. தபால்காரர் கடிதங்களை மொத்தமாக டீக்கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. இருக்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும், வெளியாள் வருவது எப்போதோ ஒரு தடவை.

மறுவருஷம் சொர்ணாம்பாளும் அதே யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஊறுகாய் ஜாடிகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கிற வேலை. கை நிதானமானவள் என்று பேர் வாங்கினாள். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். அதற்கு இதுவரை ஒரு உபயோகமும் வந்திருக்கவில்லை.

1990 கோடையில் ஒரு நாள் யூனிட்டில் கரண்ட் இல்லை என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்தபோது வேப்பமர நிழலில் ஒரு ஆள் குடையை மடித்து வைத்துவிட்டு, முழங்காலில் அட்டையைத் தாங்கி ஏதோ வரைந்துகொண்டிருந்தார். பேர் ஜெயபிரகாஷ். ஆரம்பப் பள்ளி ஆசிரியர், அவள் வயதுதான் இருக்கும். மறு வருஷம் வரப்போகிற மக்கள்தொகைக் கணக்குக்காக வீடு வீடாகக் குறித்துப் போக வந்திருந்தார். தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டியவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது இந்த எடமா சார்?"

"ஆமாம்மா. இது ரயில் ரோடு. இது நீங்க நிக்கிற தெரு. சதுரமெல்லாம் ஓட்டு வூடு, தளம் போட்ட மெத்தை வூடு. முக்கோணம் போட்டதெல்லாம் கூரை வூடு."

"அப்ப எங்க வூடு முக்கோணம்."

"ஆமா, இதோ."

ஒரு விரல் நகத்தளவு முக்கோணம். பக்கத்தில் ஒரு புள்ளி, வேப்பமரம். பறவைதான் ஊரை இப்படிப் பார்க்கும் என்று சொர்ணாம்பாளுக்குத் தோன்றியது. உடனே ஒரு தப்பும் கண்ணில் பட்டது.

"பம்பு இந்தப் பக்கம் இல்ல சார். தெருவுக்கு அந்தாண்ட."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு ரப்பரால் அழித்து மாற்றினார். "மேல வடக்குன்னு வச்சிக்குங்க, அப்பத் தெளிவாப் புரியும்" என்றார்.

"மேலன்னா மேற்கு இல்ல சார்? எங்க ஊர்ல மேலத்தெரு மேற்காலதான் இருக்குது."

ஜெயபிரகாஷ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது சரிதாம்மா. ஆனா படத்துல மேல்பக்கம் வடக்கு. எல்லா ஊர்லயும் அப்படித்தான் போடுவாங்க."

அன்று சாயங்காலம் வரை அவள் அவருடன் நடந்தாள். ஐம்பத்தெட்டு வீடுகள் முடிந்ததும் அவர் அட்டையை மூடப் போனார். "வாய்க்காலுக்கு அந்தாண்ட பதினோரு வூடு இருக்குது சார்" என்றாள். தெற்கே, கருவேலம் புதருக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத குடிசைகள். களிமண் குழியில் வெட்டுக்கூலிக்கு வந்த குடும்பங்கள். ஒரு பனங்கட்டை மேல் நடந்துதான் வாய்க்காலைக் கடக்க வேண்டும். ஜெயபிரகாஷ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார். அங்கிருந்த காசியம்மாள் என்ற நடுவயதுக்காரி, "எங்களையும் எழுதுவீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவர் போன பிறகு சொர்ணாம்பாள் வீட்டுச் சிமெண்ட் தரையில் குந்தினாள். யூனிட்டில் உடைந்துபோன பிளாஸ்டர் அச்சுத் துண்டுகள் வீட்டில் எப்போதும் கிடக்கும். சாக்பீஸ் மாதிரி எழுதும். ஞாபகத்திலிருந்து எல்லாவற்றையும் போட்டாள். வேலை முடிந்து வந்த தர்மராஜ் தாண்டிப் போகப் பார்த்தான்.

"இந்தாம்மே, என்னா இது, கோலமா?"

"நம்ம ஊரு. மிதிக்காதீங்க."

குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். "நம்ம வூடு ஏன் முக்கோணமா இருக்குது?"

"கீத்து வூடுன்னா அப்படித்தானாம்."

தர்மராஜ் படத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை. காசியம்மாளின் மகள் துர்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. காசியம்மாள் நனைந்துகொண்டே யூனிட்டுக்கு ஓடி வந்தாள். முதலாளி மாணிக்கவேல் தானே டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, "களிமேட்டுக்கு அனுப்புங்க, துர்கான்னு ஒரு பொண்ணு, பிரசவம், அவசரம்" என்றார். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆற்றோரக் களிமேட்டுக்குப் போனான். அங்கே தெருத்தெருவாக விசாரித்து, இல்லை என்று தெரிந்து, ரயில்வே கேட்டில் காத்திருந்து, இந்தக் களிமேட்டுக்கு வந்தான். இங்கே முதலில் கேட்ட வீட்டில், "துர்காவா? அப்படி இங்க யாரும் இல்லியே" என்றார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் பேர் அவர்களுக்குத் தெரியாது.

வண்டி வாய்க்கால் ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால் தாண்டிவிட்டது. நாலு பேர் துர்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை வண்டியிலேயே பிறந்து, அழாமலேயே போய்விட்டது.

மறுநாள் அந்த டிரைவர் தானாகவே வந்தான். வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, அங்கே இருந்த சொர்ணாம்பாளிடம், "நான் வரமாட்டேன்னு சொல்லலம்மா. எனக்கு எங்கன்னு தெரியல. எங்கன்னு தெரிஞ்சிருந்தா பத்து நிமிஷம்" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்தப் 'பத்து நிமிஷம்' அவளை விடவில்லை. எட்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டும் பென்சிலுமாக இறங்கினாள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று எண்ணி எழுதினாள். எந்தச் சந்தில் கார் நுழையும், எதில் நுழையாது, மழைக்காலத்தில் எங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும், எல்லாவற்றையும் குறித்தாள். பெண்கள் முதலில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, "எங்க வூட்டுக்குப் பின்னால ஒரு வழி இருக்குதே, அத வுட்டுட்டியே" என்று கூடவே வர ஆரம்பித்தார்கள். தன் வீடு காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்து, அங்கிருந்து பம்புக்கும் கடைக்கும் விரலாலேயே நடந்து பார்த்தார்கள்.

நாலு வாரத்தில் படம் முடிந்தது. காகிதத்தில் இருந்தால் யாருக்குப் பிரயோஜனம்? ரோட்டிலிருந்து களிமேட்டுக்குத் திரும்புகிற இடத்தில், வருகிறவன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் அழியக் கூடாது. அவள் மாணிக்கவேலிடம் போய் நின்றாள்.

"பக்கத்து யூனிட்டுல ஓரம் ஒடஞ்ச வெள்ளை ஓடு குமிச்சு வச்சிருக்காங்க மொதலாளி. ஒரு தடவ வெந்தது, மேல்பூச்சு போடாதது. இருவது ஓடு கேட்டு வாங்கிக் குடுத்தீங்கன்னா நான் சாயத்துல எழுதிடுவேன். நம்ம சூளையில சந்து இருக்கற எடத்துல வச்சி எடுத்துக்கலாம்."

"எழுதி?"

"வண்டி வழி தப்பாது."

மாணிக்கவேல் அன்று டாக்சிக்குத் தன் கையால் போன் போட்டவர். "நாப்பது வாங்கித் தரேன். மொதல் தடவையே சரியா வராது" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. நீலச் சாயத்தில் முதலில் பத்து ஓடு எழுதி மேல்பூச்சு போட்டுச் சூளையிலிருந்து எடுத்தபோது கோடுகள் எல்லாம் வழிந்து கிடந்தன. ஒற்றையடிப் பாதை வாய்க்கால் அகலத்துக்கு இருந்தது. வாய்க்கால் ஏரியாகியிருந்தது. தர்மராஜ்தான் காரணம் சொன்னான். "பூச்சு கெட்டியாப் போச்சி. மெல்லிசாப் போடு. நான் சூடு கம்மியா இருக்கற மூலையில வைக்கிறேன்." அதுவரை அவன் இந்த வேலைக்கு ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போட்டதில்லை. இரண்டாவது தடவை கோடுகள் நின்றன.

அதற்கு முன்பே, காகிதத்தில் தெருப் பேர் வைக்கும்போது சண்டை வந்திருந்தது. ஆளாளுக்கு ஒரு தலைவர் பேரைச் சொன்னார்கள், ஒரு சாமி பேரைச் சொன்னார்கள். அவள், "கண்ணுக்குத் தெரியறத எழுதலாம். வர்றவன் அத வச்சித்தான் கண்டுபிடிப்பான்" என்று சொல்லி பம்புத் தெரு, வேம்படித் தெரு, சூளைச் சந்து என்று எழுதிவிட்டாள். படத்தைப் பார்க்க வந்த ஜெயபிரகாஷுக்கு ஒரு குறை இருந்தது.

"வடக்கு வலது பக்கம் இருக்குதேம்மா."

"பலகை வரப்போற எடத்துல நின்னு பாருங்க சார். ரோட்டுலேருந்து வர்றவன் மேற்காலதான் பாத்துக்கிட்டு நிப்பான். அவனுக்கு நேரா இருக்கறது படத்துல மேல இருக்கணும். அப்பத்தான் சோத்துக்கைப் பக்கம் இருக்கற வூடு படத்துலயும் சோத்துக்கைப் பக்கம் இருக்கும்."

அவர் நின்று பார்த்தார். இடது கையை நீட்டினார், வலது கையை நீட்டினார். "சரி, ஒரு அம்புக்குறி மட்டும் போட்டு வடக்குன்னு எழுதிடுங்க" என்றார். எழுதினாள்.

உண்மையான தகராறு கலியமூர்த்தியிடமிருந்து வந்தது. களிமேட்டில் முதலில் குடிசை போட்டவர் அவர். நல்லது கெட்டதுக்கு அவர்தான் முன்னால் நிற்பார். படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தார். வாய்க்கால், பனங்கட்டை, அதற்கு அப்பால் 59 முதல் 69 வரை.

"ஏம்மா சொர்ணம், அது நம்ம ஊரு இல்லியே."

"அப்ப எந்த ஊரு மாமா?"

"வெளாடாத. நாளைக்குப் பட்டா குடுக்க வருவாங்க. அம்பத்தெட்டு வூடுன்னு கேட்டு மனு போட்டுருக்கோம். நீ அறுபத்தொம்பதுன்னு ரோட்டுல எழுதி வச்சா? அவங்களுக்கும் சேத்துப் பங்கு போட்டா நமக்கு என்னா மிஞ்சும்?"

அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருஷமாக அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். அது அவளுக்கும் தெரியும்.

"கவர்மெண்ட் நோட்டுல அவங்களும் இருக்காங்க மாமா. வாத்தியாரோட நான்தான் கூடப் போனேன். நம்ம பலகையிலதான் இல்லாமப் பண்ணலாம். பண்ணி, திரும்பவும் ஒரு வண்டி வந்து நின்னு முழிச்சா, அப்ப நான் என்னா சொல்றது?"

கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

1992 தை பிறந்ததும் தர்மராஜ் செங்கல் வைத்துச் சின்னச் சுவர் எழுப்பி, இருபது ஓடுகளையும் பலகை மாதிரி பதித்தான். மூன்றாம் நாள் காலை சொர்ணாம்பாள் வேலைக்குக் கிளம்பியபோது இடது ஓரத்தில் மூன்று ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. சரியாக அந்த மூன்று. கல் கீழேயே கிடந்தது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். உடைந்த சில்லுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு யூனிட்டுக்குப் போனாள். மிச்சம் வைத்திருந்த ஓடுகளில் அந்த மூன்றையும் மறுபடியும் எழுதினாள். பத்து நாளில் தர்மராஜ் பதித்தான். அன்று முழுக்க காசியம்மாள் வந்து சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன்க்கா வெயில்ல குந்திக்கினு இருக்கற?"

"சிமெண்ட் காயட்டும்" என்றாள் காசியம்மாள்.

அதன் பிறகு யாரும் உடைக்கவில்லை.

பலகையால் ஊர் தலைகீழாக மாறிவிடவில்லை. தபால்காரர் வீட்டு நம்பர் எழுதியிருந்த கடிதங்களை மட்டும் வீட்டில் கொடுத்தார். மற்றதெல்லாம் டீக்கடைக்கே போயின. ஆனால் வருகிற வண்டிகள் பலகை முன்னால் நின்று பார்த்துவிட்டு நேராகப் போயின. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று தங்கள் வீட்டை விரலால் தொட்டுத் தொட்டு, அந்த இடங்களில் நீலத்தின் மேல் அழுக்குப் படிந்தது. 1996இல் போலியோ சொட்டு மருந்து போட நர்ஸ் வந்தபோது பலகையைப் பார்த்து நோட்டில் நம்பர் வரிசையாக எழுதிக்கொண்டார். 59லிருந்து 69 வரை ஒரு வீடு விடாமல் போனார். 63ஆம் நம்பரில், அம்மா வீட்டோடு வந்துவிட்ட துர்காவின் பெண் குழந்தை, இரண்டு வயது, வாயைத் திறக்க மறுத்து அழுத சத்தம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1994இல், பட்டாவுக்காகச் சர்வேயர் அளவுச் சங்கிலியோடு வந்திருந்தார். களிமேட்டு ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் பட்டா வந்தது. வாய்க்கால் புறம்போக்கில் இருப்பதால் மற்ற பதினொன்றுக்கும் வேறு இடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் வர மூன்று வருஷம் ஆனது. மங்கலம்பேட்டை ரோட்டில், ஒரு மைல் தள்ளி, கல் நட்ட மனைகள். 1997 பங்குனியில் பதினோரு குடும்பமும் கூரையைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கலியமூர்த்தி ஒரு மாட்டுவண்டியைத் தானே ஓட்டிக் கொடுத்தார்.

இப்போது பலகையின் இடது ஓரம் பொய் சொல்லிற்று. சொர்ணாம்பாளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத வீட்டைத் தேடி யாராவது வாய்க்காலில் இறங்கினால்? மூன்று ஓடுகளையும் புதிதாக எழுதினாள். வாய்க்கால் மட்டும், கருவேலம் புதர் மட்டும். மேல்பூச்சைப் போட மனசு வராமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். தர்மராஜ் பழைய மூன்றையும் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பதித்தான்.

எதற்கோ களிமேட்டுப் பக்கம் வந்த காசியம்மாள் புது ஓடுகளைப் பார்த்துவிட்டு நேராக யூனிட்டுக்கே வந்துவிட்டாள்.

"எங்கள எடுத்துட்டியா?"

"நீங்கதான் அங்க இல்லியே, அக்கா."

"அதுக்கில்ல. கல்லால அடிச்சப்ப கூடத் திருப்பி வச்சவ நீ. நீயே எடுத்தது மனசுக்கு என்னாமோ மாதிரி இருக்குது."

சொர்ணாம்பாள் பஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்தாள். பெயர்த்தெடுத்த பழைய ஓடுகள் மூலையில் சாக்கு மேல் இருந்தன. இரண்டு விரிசல் விட்டிருந்தன, ஒன்று முழுசாக இருந்தது. அதில் 61, 62, 63. அதைக் காசியம்மாள் கையில் கொடுத்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம வரேன். எல்லாரையும் இருக்கச் சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கினாள். முப்பது மனைக்கல், பதினாறு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி. களிமேட்டுப் பதினொன்று போக மீதி வீடுகளுக்கு வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் தொட்டியடியில் கூடியிருந்தார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதிலேயே இரண்டு கட்சியானது. துர்கா, "தொட்டியத்தான் மொதல்ல போடணும்" என்றாள். காசியம்மாள், "வர்ற வண்டி தொட்டிக்கா வருது? ரோட்டத்தான் மொதல்ல போடணும்" என்றாள். புதிதாக வந்த ஒரு பெண், ரோட்டுக்கு வர இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது, அது இவர்கள் யாருக்கும் தெரியாது என்றாள்.

"அப்படியா? எங்க, காட்டுங்க" என்று சொர்ணாம்பாள் நோட்டைப் பிரித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். எட்டுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். மற்றவர்கள் சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார்கள்.